பெற்றது ஒன்று

சென்ற வாரம் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் ஒருவர், தன் தங்கையின் குழந்தை பிறந்து சில நாளில் இறந்துபோனதைச் சொல்லிவிட்டு, "நீங்க எப்படிக்கா தாங்குனீங்க?" என்று கேட்டார். மதிய உணவு வேளையில், டிபன் டப்பாவைத் திறந்தபடியே அவர் கேட்டார். "நாளாக நாளாகச் சரியாயிடும், பொறுமையா இருக்கச் சொல்லுங்க" என்று எதையோ சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்பது உண்மையில்லை. பொறுமையாக இரு என்று வெறுமனே சொல்வதாலும் யாருக்கும் பயனில்லை. எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதினால் அந்தத் தங்கைக்கு ஏதேனும் உதவலாம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மகள் ஆடி முதல் தேதி பிறக்க வேண்டியவள். சித்திரை நான்காம் நாளே பிறந்துவிட்டாள். அப்போது எனக்கு 27 வாரம். அவளுடைய எடை 940 கிராம். 28 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தைகளின் நுரையீரல் மூச்சுக்கு மூச்சு ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்பதற்கு வேண்டிய வழவழப்பான பொருள் போதிய அளவு ஊறியிருக்காது என்பதையும், உறிஞ்சி விழுங்கி இடையில் மூச்சும் விடுகிற திறன் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கூடிவரும் என்பதையும் நான் அங்கே ஐ.சி.யு.வின் வாசலில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். ஆகவே பால் ஒரு மெல்லிய குழாய் வழியாக நேரே வயிற்றுக்குப் போயிற்று. தாய்மாமன் முறைக்கு என் தம்பி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த வெள்ளிப் பாலாடை, கடை கொடுத்த சிவப்புத் தாளோடு பீரோவிலேயே இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இரண்டாம் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மில்லி பால் கொடுத்தார்கள். ஒரு மில்லி என்றால் சுமார் இருபது சொட்டு. அதற்காக நான் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் அலாரம் வைத்து எழுந்து, பால் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலை சிஸ்டர் வெளியே வந்து, "பாப்பாவுக்கு இன்னைக்கு ரெண்டு மில்லிம்மா" என்றார். பரீட்சையில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதைப் போல அவர் முகம் இருந்தது. நானும் என் கணவரும் அந்த இரண்டு மில்லியை ஊரில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னோம். "ரெண்டு மில்லியா?" என்று எதிர்முனையில் இருந்தவர்கள் விழித்திருப்பார்கள் என்பது இப்போது புரிகிறது.

நான் கற்ற பொறுமை முழுவதும் அந்த அறையில் கற்றதுதான். முதல் சில நாள் மருத்துவரைப் பார்க்கும்போதெல்லாம், "பிழைச்சுக்குவாளா டாக்டர்?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவர், "இன்னைக்கு நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னார். பிடிகொடுக்காமல் பேசுகிறார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகுதான், அவர் எனக்குத் தந்த அளவுகோலே அதுதான் என்று தெரிந்தது. அடுத்த வாரத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு எத்தனை கிராம், இந்த வேளைக்கு எத்தனை மில்லி, ஆக்சிஜன் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் கணவர் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அதில் எடையை எழுதி வந்தார். 940 என்று தொடங்கி, முதல் வாரத்தில் 870 வரை இறங்கி, பதின்மூன்றாம் நாள் மறுபடி 940ஐத் தொட்டு, பதினேழாம் நாள் 985 என்று அந்தக் கணக்கு போகிறது. அதற்கு மேல் எடை எழுதவில்லை. இன்றும் மளிகைக் கடையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது, அவள் இந்த அளவுக்குக்கூட வரவில்லையே என்று கை சற்றுத் தாழ்கிறது.

பதினைந்தாம் நாள் அவளை என் நெஞ்சில் போட்டார்கள். தாயின் வெறும் மார்பில் குழந்தையைச் சேர்த்துக் கட்டி வைக்கும் இந்தக் கங்காரு முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. நாற்பது நிமிடம். கையில் அவளுக்குக் கட்டியிருந்த பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தார்கள். அவள் மூச்சு விடுவது என் தோலில் தெரிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

பதினேழாம் நாள் மாலை வயிறு உப்பியது. பாலை நிறுத்தினார்கள். குறைமாதக் குழந்தைகளின் முதிராத குடலில் அழற்சி கண்டு, சில இடங்களில் திசு செத்துப்போகும் நோய் அது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்புக் குறைவு, ஆனால் வராமலே போகும் என்று சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். எதிர்சேவை முடிந்து, விடிந்தால் அழகர் வைகையில் இறங்கப்போகிற இரவு அது. மதுரையே தெருவில் இருந்தது. துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் பீய்ச்சப் போகிறவர்களுக்கும் சர்க்கரைக் கிண்ணம் ஏந்திய பெண்களுக்கும் நடுவில், என் கணவர் மடியில் ஒரு வெள்ளைத் துணி மூட்டையோடு எங்கள் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. சாமியின் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அன்று கோபம் வரவில்லை. அது மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் சிறு குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். கணவரும் தம்பியும் போய்ப் பால் ஊற்றிப் புதைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் இல்லாததால் நான் வீட்டில் இருந்தேன். பச்சைக் குழந்தைக்குக் காரியமும் கிடையாது, பதினாறாம் நாளும் கிடையாது. பெரியவர்கள் இறந்தால் இன்ன நாளில் இன்னது செய்ய வேண்டும் என்று சாஸ்திரமும் சொந்தமும் சேர்ந்து நம்மைப் பிடித்து நடத்திச் செல்கின்றன. அழுவதற்கும் குளிப்பதற்கும் உண்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, அந்த முறை சலிப்பைத் தந்தாலும் சாய்ந்துகொள்ளவும் உதவுகிறது. குழந்தையின் சாவுக்கு அப்படி எதுவும் இல்லை. மறுநாள் காலை எழுந்தபோது செய்வதற்கு எங்களுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்துதான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் ஒன்றிரண்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வளர்ந்து ஆளாகிப் போகாம இப்பவே போச்சே, அதுக்குச் சந்தோஷப்படு" என்றார் ஒருவர். "சித்திரையில பொறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது, அதான் அதுவே போயிருச்சு" என்றார் இன்னொருவர். இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு, புத்தர் சொன்னபடி சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கப் போன தாயின் கதையை வாட்ஸ்அப்பில் மட்டும் ஏழு பேர் அனுப்பினார்கள். எல்லா வீட்டிலும் சாவு உண்டு என்பது எனக்கும் தெரிந்ததுதான். அந்தக் கதையில் நான் கவனித்தது வேறு: புத்தர் அவளிடம் 'குழந்தையைக் கீழே போடு' என்று சொல்லவில்லை. அவள் தூக்கிக்கொண்டே ஊர் முழுதும் நடக்கட்டும் என்று விட்டார்.

இனி பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடலின் சுரப்புகள் மாறிப் பால் கட்டத் தொடங்குகிறது. குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று உடல் கேட்பதில்லை; அலாரம் வைக்காமலே மூன்று மணிக்கொரு முறை என் மார்பு கல்லாகக் கனத்தது. மூன்றாம் நாள் அம்மா இரண்டு முழம் மல்லிகைப்பூவோடு வந்தார். பால் வற்ற மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது பாட்டி காலத்து வழக்கம். அதை மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். பிறகு தேடிப் பார்த்தபோது, 1988இல் மருத்துவ இதழ் ஒன்றில், பால் வற்றுவதற்கான மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்திருப்பது தெரிந்தது. பால் ஊறச் செய்யும் சுரப்பை மாத்திரையளவுக்கு இரத்தத்தில் குறைக்காவிட்டாலும், வீக்கத்தையும் பாலையும் அடக்குவதில் பூவும் அதற்குக் குறையவில்லையாம்.

ஆனால் அன்று பூவைக் கட்டவில்லை. மருத்துவமனையில் என் பெயர் எழுதி உறைய வைத்த பால் சிறு சிறு புட்டிகளில் இருந்தது. அதை என்ன செய்வது என்று கேட்க அழைத்த சிஸ்டர், தயங்கித் தயங்கி, தாய்ப்பால் வங்கியைப் பற்றிச் சொன்னார். இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இப்போது தமிழ்நாட்டிலும் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. கொடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடுபடுத்தி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். "கட்டாயமில்லைம்மா, உங்களுக்கு மனசு இருந்தா" என்று சிஸ்டர் இரண்டு முறை சொன்னார். அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. கொண்டுவந்த பூவை ஒன்றும் சொல்லாமல் சாமி படத்துக்குப் போட்டார்.

மூன்று வாரம் கொடுத்தேன். புண்ணியம் என்று நினைத்துச் செய்யவில்லை. காலை எழுந்ததும் செய்வதற்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுவாக இருந்தது. உடனே வற்றவைத்துக்கொள்கிற தாயும் சரியாகத்தான் செய்கிறாள். அவளைவிட நான் எதிலும் உயர்ந்தவள் இல்லை. அந்த நாட்களில் ஒருமுறை, என் மகளுக்கு இரண்டு தொட்டில் தள்ளி இருந்த குழந்தையை மஞ்சள் துண்டில் சுற்றி வீட்டுக்கு அழைத்துப்போவதைப் பார்த்தேன். அவன் குடித்தது என் பாலா என்று கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். பொறாமையில் எனக்குக் கை நடுங்கியது. அதோடு, அவன் பிழைத்துக்கொண்டானே என்ற நிம்மதியும் அதே கணத்தில் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வந்து, வைகாசி நடுவில் அம்மாவிடம் பூ வாங்கிவரச் சொன்னேன். மல்லிகை மலிந்திருந்த நேரம். ஓராண்டுக்கும் மேலாக அந்த வாசனையை என்னால் பொறுக்க முடியவில்லை. மதுரையில் இருந்துகொண்டு மல்லிகையிலிருந்து தப்ப முயன்றால் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் என்னோடு சரியாகப் பேசியவர் என் அப்பத்தா ஒருவர்தான். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், நெடுநேரம் வெற்றிலை மென்றார். பிறகு, "நான் பெத்தது ஒம்போது. தங்குனது ஆறு" என்றார். இந்தக் கணக்கை நான் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். அந்தத் தலைமுறைப் பெண்களிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் இப்படித்தான் இரண்டு எண்ணாகச் சொல்வார்கள். அன்றுதான் முதல்முறையாக அந்த மூன்று பேரைப் பற்றி அவரிடம் விசாரித்தேன். மூவருக்கும் பெயர் இருந்தது. ஒருத்திக்கு நெற்றியில் மச்சம் இருந்தது. அறுபது ஆண்டு கழித்தும் மச்சத்தின் இடத்தை விரலால் தன் நெற்றியில் தொட்டுக் காட்டினார்.

பிள்ளை தங்காத வீடுகளில் அடுத்து வருவதைக் குப்பையில் புரட்டி எடுத்து, பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து, தவிட்டுக்கு வாங்கிக்கொள்வார்களாம். எமன் ஏமாறட்டும் என்று பிச்சை, குப்பம்மாள், தவிடன் என்று பெயர் வைப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்க்காரர்களைக் கேலி செய்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் தங்காமல் போன ஒரு குழந்தை இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பத்தா போன பிறகு பெயர் என்னை உறுத்தத் தொடங்கியது. மருத்துவமனையில் பிறப்பைப் பதிவு செய்தபோது, பெயர் சூட்டு விழா நடக்காததால், பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தோம். ஒரே வாரத்தில் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் வாங்கியிருந்தோம். இரண்டிலும் அவள் பெயரில்லாமல் இருந்தாள். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமலும், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரையிலும் பெயரைச் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. ஆவணியில் நானும் கணவரும் போய் எழுதிக் கொடுத்தோம். கவுன்ட்டரில் இருந்த பெண், "ஸ்கூல்ல கேக்குறாங்களாம்மா?" என்று இயல்பாகக் கேட்டார். இல்லை என்றேன். நாங்கள் இருவரும் நான்காம் மாதத்திலேயே முடிவு செய்து வைத்திருந்த அந்தப் பெயர் இப்போது அரசாங்கத்தின் ஏட்டில் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை.

அதற்கு முன்பே வேலைக்குத் திரும்பியிருந்தேன். நான் அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிறந்து 28 நாளுக்குள் குழந்தையை இழக்கும் மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் தனி மகப்பேறு விடுப்பு உண்டு என்று 2022 செப்டம்பரில் ஆணை வந்தது. அது எனக்குக் கிடைத்தது. தனியார் நிறுவனங்களில் இருக்கும் பெண்கள் பலர் இதற்காக என்ன சொல்லி விடுப்பு எடுப்பார்களோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். திரும்பிய முதல் வாரத்திலேயே இளைஞர் ஒருவர் பிறப்புச் சான்றிதழோடு வந்து, மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்க வேண்டும் என்றார். எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு நான் தொடங்கிக் கொடுத்த கணக்கு. என் மகளுக்கும் தொடங்கத் தேதி பார்த்து வைத்திருந்த கணக்கு. எழுந்து பின்னால் போய் அழுதுவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அப்போது அந்த மருத்துவரின் அளவுகோல் நினைவுக்கு வந்தது. இந்த ஒரு படிவம், அதில் முதல் பத்தி, குழந்தையின் பெயர், பிறந்த தேதி. 250 ரூபாயை வாங்கி, பாஸ்புத்தகத்தை நீட்டி, "நல்லா இருக்கட்டும்" என்றேன். பிறகுதான் பின்னால் போனேன்.

ஆடி முதல் தேதி விடுப்பு எடுத்தேன். அன்று எங்களுக்குள் பேச்சே இல்லை. பத்து மணிக்கு, "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அத்தை எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ ஒன்றும் கேட்காமல் ஒரு சிறு செம்பில் பால் ஊற்றிக் கொடுத்தார். மயானத்தின் ஓரத்தில் குழந்தைகளுக்கான இடத்தில் அடையாளம் எதுவும் இல்லை, கோரைப்புல் முளைத்திருந்தது. என் கணவர் சட்டைப்பையிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்தார். 985க்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'புங்கமரத்திலிருந்து சுவர்ப்பக்கம் ஏழு அடி.' அவர் அழவில்லை என்று அத்தனை நாளும் மனதுக்குள் அவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம்பிக்கை என்றால் அடுத்த குழந்தை என்றுதான் எங்கள் தெருவில் பொருள். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று இன்றும் கேட்கிறார்கள். இதுவரை இல்லை. வந்தாலும் அந்தக் குழந்தை தன் இடத்துக்குத்தான் வரும், அவள் இடத்துக்கு வராது. எனக்குக் கிடைத்த நம்பிக்கை அவ்வளவு பெரியதில்லை. இந்த நாளின் வேலையை இந்த நாள் செய்துவிடுவேன் என்பதும், அவள் இருந்ததை மறைக்காமல் சொன்னால் கேட்டுக்கொள்ள எங்கேனும் ஒருவர் இருப்பார் என்பதும்தான் அது. இரண்டாவது கைகூடக் கொஞ்ச காலம் ஆயிற்று. 'குழந்தைங்க எத்தனை?' என்ற கேள்விக்கு ஓராண்டு வரை 'இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பேன்.

சென்ற தை மாதம், பணம் எடுக்க வந்த ஒரு மூதாட்டியின் படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். வரிசையில் பின்னால் யாருமில்லை. பொழுதுபோக்காக, "உனக்கு எத்தனை பிள்ளைங்க தாயி?" என்று கேட்டார்.

"பெத்தது ஒண்ணு பாட்டி" என்றேன்.

மறு எண்ணுக்காக அவர் சற்றுக் காத்திருந்தார். அது வரவில்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். "எனக்கு எட்டு. நின்னது அஞ்சு" என்று சொல்லிவிட்டு, இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றி, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார்.